லாடாங், இது டேவான்

மலாக்காவின் செங் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், மெஷின் சத்தத்துக்கு நடுவே பேசத் தெரிந்தால்தான் லைன் லீடராக நிற்க முடியும். சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரே தடவையில் புரிய வேண்டும். கத்தவும் கூடாது. கத்தினால் எதிரே நிற்கும் பெண்ணுக்கு என் கோபம்தான் கேட்கும், விஷயம் கேட்காது. பல வருஷம் அங்கே நின்று நின்று வந்த பழக்கம் இது. வானொலிக்கு இது இவ்வளவு தோதாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வானொலி ஆசை என் வீட்டுக்காரருடையது. பாட்டு கேட்கிற வானொலி இல்லை, பேசுகிற வானொலி. அமெச்சூர் ரேடியோ என்பார்கள். தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள் சொந்தமாகக் கருவி வைத்துக்கொண்டு, டெலிபோன் கம்பெனியின் தயவில்லாமல் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளலாம். அவர் ஏர்கோன், அதாவது ஏசி, பழுது பார்ப்பவர். ஒயரும் ஸ்க்ரூ டிரைவரும் கையில் இருந்தால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எல்லா வீட்டுக் கூரையும் ஒரே மாதிரி இருக்கும். எங்கள் வீட்டுக் கூரையில் மட்டும் நீளமான ஒரு கம்பி நின்றது. உரிமம் வருவதற்கு முன்பே அவர் ஏற்றி வைத்துவிட்டார்.

தேர்வுக்குத் தனியாகப் போக அவருக்குக் கூச்சம். "நீயும் வந்து எழுதேன், சும்மா துணைக்கு" என்றார். பார்ட் பார்ட்டாகக் கருவியைக் கழற்றி மாட்டுகிறவருக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கப் பொறுமையில்லை. எனக்குப் பொறுமை இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில் தினமும் கொஞ்சம் படித்தேன். முடிவு வந்தபோது நான் பாஸ், அவர் இல்லை.

பாஸான சந்தோஷத்தை வீட்டில் காட்டிக்கொள்ள முடியவில்லை. மறு தேர்வு வரும்வரை அந்தக் கூரைக் கம்பியில் பேச உரிமை உள்ளவள் நான் ஒருத்திதான். நான் பட்டனை அழுத்திப் பேசுவேன்; என்ன பேச வேண்டும் என்று அவர் பக்கத்தில் நின்று சைகை காட்டுவார். அவர் சைகை முடிவதற்குள் நான் பேச்சை முடித்துவிடுவேன். அடுத்த தடவை அவரும் பாஸ் ஆனார். அன்றைக்கு அவரே பிரியாணி வாங்கி வந்தார்.

மலாக்காவிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கும் வானொலிக்காரர்கள் வாரம் ஒருமுறை அலைவரிசையில் கூடுவோம். எங்களை நடத்துகிறவர் ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர். வயதில் மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் பாக்சிக், மலாயில் மாமா. ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, மைலோவை ஆற்றிக் குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். பெம்பான் பக்கத்தில் வெள்ள ஒத்திகை நடக்கப் போகிறது. மின்சாரம் போய் டெலிபோன் கோபுரமும் செத்துவிட்டால் யார் யாரோடு எப்படிப் பேசுவது என்று பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பு எங்களுடையது.

"கண்ட்ரோலில் நீங்க உட்காருங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். பாக்சிக் அதைக் கவனித்தார். "இவருக்குக் கை வேலை நல்லா வரும். இவங்களுக்கு வாய் நல்லா வரும். ரெண்டும் வேணும்" என்றார். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "வாய் விஷயத்துல சந்தேகமே வேணாம் பாக்சிக்" என்றார்.

ஏற்பாடு இதுதான். பெம்பானில் ஒரு பள்ளி மண்டபம் துயர் துடைப்பு மையம், நான் அங்கே. ஆற்றுப் பாலத்தில் ஒருவர், கிளினிக்கில் ஒருவர். உள்ளே தள்ளியிருக்கும், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர். வானொலியில் ஆள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உரிம எண்ணை அவ்வப்போது சொல்ல வேண்டும். மற்றபடி இடத்தின் பெயரே ஆளின் பெயர். மலாயில் மண்டபத்துக்கு டேவான், தோட்டத்துக்கு லாடாங். நான் டேவான், அவர் லாடாங். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை 'ஏங்க' என்றும் அவர் என்னை 'இந்தாம்மா' என்றும் கூப்பிட்டு வந்திருக்கிறோம். எங்களுக்கு முதன்முதலாகப் பெயர் வைத்தவர் பாக்சிக்தான்.

ஒத்திகை நாள் காலையில் சாமான்களைக் காடியில், அதாவது எங்கள் காரில், ஏற்றும்போது, பின்னால் ஒரு சுருள் தடித்த கயிறு கிடந்ததைப் பார்த்தேன்.

"இந்தக் கயிறு எதுக்கு?"

"எதுக்கும் இருக்கட்டும்லா."

"தோட்டத்துத் தண்ணித் தொட்டியில ஏறுற ஐடியா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"யாரு ஏறப் போறா?"

"முட்டிக்கு டாக்டர் என்ன சொன்னாரு?"

"வெள்ளம் வந்தா டாக்டரா வந்து நிப்பாரு?"

ஏர்கோன் வேலையில் ஏணி சறுக்கி விழுந்து அவருடைய வலது முட்டி கெட்டுப்போனது. படி ஏறினாலே முகத்தைச் சுளிப்பார். ஆனால் உயரமான எதையாவது பார்த்துவிட்டால் அதன் உச்சியில் கம்பியைக் கட்ட வேண்டும் என்று தோன்றும் ஆள். நான் கயிற்றை எடுத்து வீட்டுக்குள் போட்டேன். அவர் போய் அதை எடுத்து வந்து மறுபடியும் காடியில் போட்டார். செங்கிலிருந்து பெம்பான் வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். பள்ளி வாசலில் என்னை இறக்கிவிட்டு, "பேட்டரிய மறக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

மண்டபத்தில் ஒரு பள்ளி மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கருவியையும் பேட்டரியையும் வைத்தேன். வெளியே கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஏரியலைக் கட்டியாயிற்று. மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி இளைஞர்; ஆனாலும் எங்களுக்கு அவர் துவான், அதாவது ஐயா. நல்ல மாதிரி. கையில் ஒத்திகைத் திட்டத்தை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். சங்கு ஊதியதும் நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பாலம் பதில் சொன்னது, கிளினிக் சொன்னது.

"லாடாங், இது டேவான். ஓவர்."

"டேவான், இது லாடாங். நல்லா கேக்குது. ஓவர்."

மலாயில்தான் பேசினோம். குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. என் குரலிலும் நான் வைக்கவில்லை.

முதலில் எல்லாம் சீராகப் போனது. தோட்டத்தில் தாழ்வான வரிசை வீடுகளிலிருந்து ஆட்களைத் திரட்டுகிறார்கள் என்றார் லாடாங். பாலத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று பாலம் சொன்னது. அது திட்டத்தில் எழுதி வைத்த தண்ணீர், வெளியே வெயில் அடித்தது. செய்தி வர வர எழுதி அதிகாரியிடம் நீட்டினேன். அவர் படித்துப் பதில் சொல்ல, நான் அனுப்பினேன்.

திடீரென்று சத்தம் நின்றுபோனது. பாலத்தைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. கிளினிக், இல்லை. என் கருவி கெட்டுவிட்டதோ என்று பார்த்தேன். அது நன்றாகத்தான் இருந்தது. நிமிர்ந்தால், பாக்சிக் மண்டபக் கதவில் சாய்ந்துகொண்டு கையில் தேநீர்க் கோப்பையுடன் வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரத்தில் பார்க்க ஒன்றுமில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் கையடக்கக் கருவிகளுக்குச் சக்தி குறைவு. மலை மேல் ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. அது எங்கள் குரலை வாங்கி, பலமாக்கித் திருப்பி அனுப்பும். அதனால்தான் சின்னக் கருவியை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் பேச முடிகிறது. புயலில் முதலில் சாகக்கூடியதும் அதுதான். அன்று அதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க, எங்கள் யாரிடமும் சொல்லாமல் பாக்சிக் ஏற்பாடு செய்துவிட்டார். திட்டத்தில் இல்லாததுதான் ஒத்திகை என்பது அவர் கொள்கை.

ரிப்பீட்டர் இல்லாவிட்டால் நேரடி அலைவரிசைக்கு மாற வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். மாறினேன். பாலம் உடனே வந்தது. கொஞ்ச நேரத்தில் கிளினிக்கும் வந்தது. லாடாங் வரவில்லை.

தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. சுற்றிலும் செம்பனை. அங்கிருந்து கையில் பிடித்த கருவியால் நேராகப் பேசினால் பெம்பான் வரைக்கும் எட்டாது. உயரம் வேண்டும். அந்தத் தோட்டத்தில் உயரமானது ஒன்றுதான்: தண்ணீர்த் தொட்டி.

"பாலம், இது டேவான். உங்களுக்கு லாடாங் கேக்குதா? ஓவர்."

"லேசா கரகரன்னு வருது. வார்த்தை இல்ல. ஓவர்."

அதிகாரி பக்கத்தில் வந்து, "லாடாங் என்ன ஆச்சு?" என்றார்.

"தொடர்பு இல்லை துவான். கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். வந்ததும் சொல்றேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் கிடையாது. லைனில் ஒரு மெஷின் நின்றுவிட்டால், நின்றுவிட்டது என்று சொல்கிறவள்தான் நல்ல லீடர். ஆனால் அந்த நேரத்தில் என் மனசு மண்டபத்தில் இல்லை. இரும்பு ஏணி கண்ணுக்குத் தெரிந்தது. வலது காலைத் தூக்கி வைக்கும்போது அவர் முகம் சுளிப்பது தெரிந்தது. அந்தக் கயிற்றை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கலாமே என்று ஆத்திரம் வந்தது. கைபேசி பையில்தான் இருந்தது. ஒத்திகை முடியும்வரை தொடக்கூடாது என்பது விதி. தொடவில்லை. பாலம் ஒரு செய்தி சொன்னது, எழுதினேன். கிளினிக் மருந்து கேட்டது, அதிகாரியிடம் சொன்னேன். ஒவ்வொரு செய்திக்கும் நடுவில் லாடாங்கைக் கூப்பிட்டேன். ஒரே மாதிரிக் குரலில், அவசரப்படாமல்.

"டேவான், டேவான், இது லாடாங்."

பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக வந்தது. நான் மூச்சு விட்டதை அதிகாரி பார்த்திருப்பார்.

"லாடாங், இது டேவான். ரொம்பத் தெளிவு. உங்க ஏரியல் எங்க இருக்கு? ஓவர்."

"ஏரியல் மேல. நான் கீழ. ஓவர்."

மற்ற நிலையங்களுக்கு அது சாதாரணத் தொழில்நுட்பத் தகவல். கிளினிக்கில் இருந்த சீன அங்கிள் அதைச் சிரத்தையாகக் குறித்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார். எனக்கு அது காலைச் சண்டைக்கு வந்த பதில்.

"கிடைச்சுது. உங்க செய்தி என்ன? ஓவர்."

மண்டபமே காது கொடுத்தது. இவ்வளவு நேரம் காணாமல் போன நிலையம், என்ன ஆபத்தோ என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் அவசரத்தில் தமிழுக்குத் தாவிவிட்டார்.

"ஒரு அங்கிள் லாரில ஏற மாட்டேங்கிறாரு. ஆடு வச்சிருக்காரு. ஆட்ட விட்டுட்டு வர முடியாதுங்கிறாரு. என்ன செய்ய? ஓவர்."

நான் அதை மலாயில் எழுதி அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஆடு நம்ம திட்டத்தில இல்லையே, காக்கா." மலாயில் காக்கா என்றால் அக்கா. "ஒத்திகைதானே, அவரை விட்டுட்டு மத்தவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

"சொல்றேன் துவான். ஆனா ஒண்ணு. அந்த அங்கிள் நடிக்கல. உண்மையா தண்ணி வந்தாலும் இதையேதான் சொல்லுவாரு. அன்னைக்கும் விட்டுட்டு வரலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரை எதிர்த்துப் பேசவில்லை, பதில் கேட்டேன். லாடாங் காத்துக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அங்க மேடான இடம் ஏதாவது இருக்கான்னு கேளுங்க."

கேட்டேன். கோயிலுக்குப் பின்னால் மேடு இருக்கிறது, வேலியும் இருக்கிறது என்று பதில் வந்தது.

"ஆடுகளை அங்க கட்டச் சொல்லுங்க. தினமும் ஒரு தடவை தீனி வைக்க எங்க ஆளுங்க படகுல அவரைக் கூட்டிட்டுப் போவாங்க. நான் பொறுப்புன்னு சொல்லுங்க."

அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரிங்கிறாரு, ஏறிட்டாரு. ஓவர்" என்று வந்தது. அதிகாரி தன் திட்டத்தாளின் ஓரத்தில் பேனாவால் 'ஆடு' என்று எழுதிக்கொண்டார்.

ஒத்திகை முடிந்ததும் பாக்சிக்கின் காடியில் தோட்டத்துக்குப் போனேன். வீடுகளுக்கு முன்னால் இருந்த திடலில் ஒரு நீண்ட கம்பு வானத்தைப் பார்த்து நின்றது. செம்பனைக் குலை அறுக்கிற கம்பு. இழுக்க இழுக்க நீளுமே, அது. நுனியில் அரிவாளைக் கழற்றிவிட்டு ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சொருகி, அதில் என் வீட்டுக்காரர் பழைய டிவி ஒயரில் செய்த ஏரியலைக் கட்டியிருந்தார்கள். அந்தத் தடித்த கயிறு மூன்று பக்கமும் கம்பை இழுத்துப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேனை ஓட்டுகிறவள். புருஷன் குலை அறுக்கிறவர்.

"அக்கா, அண்ணன் தொட்டிப் பக்கம்தான் போனாரு" என்று என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள். "ஒரு கால ஏணியில வச்சிட்டாரு. மூஞ்சியப் பாத்தேன், சரியில்ல. உயரம்தான வேணும், ஏன்லா ஏறணும், எங்க வீட்டுல கம்பு இருக்குன்னு சொன்னேன்."

"அலுமினியம்னா சிக்னலக் கெடுக்கும்னு நான் சொன்னேன்" என்றார் அவர்.

"அப்ப நுனியில குழாயச் சொருகலாம்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. கரண்ட் கம்பி இல்லாத இடமா பாத்து நிறுத்துனோம். அவ்வளவுதான்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "ஒரு கால வச்சீங்களா?"

"எடுத்துட்டேன்லா."

அவ்வளவுதான் எங்கள் சமாதானம். வீட்டுக்குப் போகும் வழியில் மலாக்கா டவுனில் நிறுத்தி, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். கயிற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது நல்ல கயிறுதான்.

அதற்கடுத்த வாரம் அலைவரிசையில் இல்லாமல் நேரிலேயே கூடி, எது சரி, எது தப்பு என்று பேசினோம். தோட்டத்துக்கு நிரந்தரமாக ஒரு கம்பும் ஏரியலும் வேண்டும் என்று முடிவானது. அப்போது வேன்காரப் பெண் கையைத் தூக்கினாள். ஒத்திகையில் கலந்துகொண்ட தோட்டத்து ஆட்களையும் அன்று கூப்பிட்டிருந்தோம்.

"உண்மையா தண்ணி வந்துச்சுன்னா, செங்குல இருக்கிற அண்ணன் எப்படி உள்ள வருவாரு? ரோடே மூடிடுமே."

அவள் கேட்டது அவ்வளவு சரி. உள்ளே இருக்கிறவர்கள்தான் உள்ளேயிருந்து பேச வேண்டும். இதை யோசிக்காமல் நாங்கள் ஏரியலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

"அப்ப நீங்க தேர்வு எழுதுறீங்களா?" என்றார் பாக்சிக்.

"எழுதலாம். பள்ளிக்கூடம் விட்டு ரொம்ப நாளாச்சு. யாராச்சும் சொல்லிக் குடுத்தா எழுதுவேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வகுப்பு ஆரம்பித்தோம். அவளோடு இன்னும் சில பேர் சேர்ந்தார்கள். ஒயர் வேலையை என் வீட்டுக்காரர் காட்டினார், விதிகளை நான் எடுத்தேன். மலாயில் இருந்த கேள்விகளைத் தமிழில் உடைத்து உடைத்துப் பேசினோம். ஆட்டுக்கார அங்கிளும் வந்து பின்னால் உட்காருவார். தேர்வு எழுத அவருக்கு எண்ணமில்லை, கேட்கப் பிடிக்கும். வேன்காரப் பெண் முதல் முயற்சியிலேயே பாஸானாள். செய்தியைக் கேட்டு என் வீட்டுக்காரர், "எல்லாரும் மொதல் தடவையிலேயே பாஸ் பண்றீங்க, நல்லாருங்க" என்றார்.

வருஷக் கடைசி மழையில் உண்மையாகவே தண்ணீர் வந்தது. பெரிய வெள்ளம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு கரையைத் தாண்டிவிட்டது, தோட்டத்துச் சாலையில் தண்ணீர் நின்றது. தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டுப் பெம்பான் பள்ளி மண்டபத்துக்குப் போனேன். அதே ஜன்னலோரம், அதே மேசை. என் வீட்டுக்காரருக்கு அன்று வானொலி வேலை இல்லை. பின்கட்டில் அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டு, நடு நடுவே வந்து என் பேட்டரியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

காலையில் டெலிபோன் வேலை செய்தது, நாங்கள் சும்மா காத்திருந்தோம். மதியம் அந்தப் பக்கம் மின்சாரம் போனது. கொஞ்ச நேரத்தில் தோட்டத்தில் எந்தக் கைபேசிக்கும் லைன் போகவில்லை. மண்டபத்தில் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த இளம் அதிகாரி பார்க்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார்.

"லாடாங், இது டேவான். ஓவர்."

"டேவான், இது லாடாங்." வேன்காரப் பெண்ணின் குரல். முதல் வார்த்தை கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. பிறகு சரியாக வந்தது. "கம்பு நிமிர்த்தியாச்சு. கீழ் வரிசை வீட்டுக்காரங்க எல்லாரையும் லாரில ஏத்தியாச்சு. ஆடுங்க காலையிலேயே மேட்டுக்குப் போயிருச்சு. சக்கரை வியாதிக்கு ஊசி போடுற அம்மா ஒருத்தங்க வராங்க, அவங்க மருந்தைக் குளிர்ச்சியா வைக்கணும். ஓவர்."

ஊசி மருந்து, குளிர்ச்சி என்று நான் திருப்பிச் சொன்னேன்; அவள் சரி என்றாள். அதிகாரி ஆளை அனுப்பிப் பள்ளி கேண்டீனில் ஐஸ் பெட்டியைத் தயார் செய்யச் சொன்னார். எந்தக் குழப்பமும் இல்லை. யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றியிருக்கும்.

"லாரி பாலத்துக்கு வர எவ்வளவு நேரமாகும்? ஓவர்."

"இப்பதான் திரும்புது அக்கா. மெதுவாத்தான் வரும். ஓவர்."

வானொலியில் அக்கா என்று கூப்பிடக்கூடாது. வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்ததுதான். அன்றைக்கு நான் அதைத் திருத்தவில்லை.

"கிடைச்சுது, லாடாங். வரட்டும். நீங்க அலைவரிசையிலேயே இருங்க. ஓவர்."

லாரி வருகிறது என்று சொல்ல, அடுத்துப் பாலத்தைக் கூப்பிட்டேன்.